ராஜா தூங்கியது ஓர் அறை, விழித்தது ஓர் அறை

போன சித்திரை வெயிலில் பெரியப்பா வீட்டுக்கு வந்திருந்தார். மதியச் சாப்பாடு ஆனதும் ஏசி போட்ட அறையில் கால் நீட்டிப் படுத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, "அந்தக் காலத்து ராஜாகூட இவ்வளவு சொகுசா இருந்திருக்க மாட்டான்டா" என்றார். எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் சொல்வதுதான். "ஆமாம் பெரியப்பா" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். ஆனால் அந்தப் பேச்சு மனசைவிட்டுப் போகவில்லை. ராஜா சொகுசாக இல்லை என்பது சரி. ஏன் இல்லை? பெரியப்பாவைக் கேட்டால் அப்போது கரண்ட் ஏது, கம்ப்ரெஸர் ஏது என்பார். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு, ஆங்கிலேய வீடுகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசிக்கும் கிறுக்கு எனக்கு உண்டு. கட்டில், நாற்காலி, கணப்பு, திரைச்சீலை, கழிப்பறை என்று எதையும் விடுவதில்லை. அந்த வாசிப்பில் பார்த்தால் பெரியப்பாவின் பதில் போதாது. வசதியாக இருப்பது ராஜாவின் வேலையே இல்லை என்று ஊரும் நினைத்தது, ராஜாவும் நினைத்தார். அந்த நினைப்பு மாறியது பதினெட்டாம் நூற்றாண்டில்தான்.

உறைந்த ஒயின்

1695 பிப்ரவரியில் வெர்சாய் அரண்மனையில் பிரான்ஸ் ராஜா பதினான்காம் லூயியின் சாப்பாட்டு மேசையிலேயே ஒயினும் தண்ணீரும் கோப்பைக்குள் உறைந்துபோயின. இதை எழுதி வைத்தவர் ராஜாவின் தம்பி மனைவி எலிசபெத் ஷார்லோட். அவர் ஹைடல்பெர்க்கில் பிறந்த ஜெர்மானியப் பெண். அவர் பிறந்த பக்கமெல்லாம் ஓடு பதித்த மூடிய அடுப்புகள் அறையில் நின்று மெதுவாக, நாள் முழுக்கச் சூடு கொடுத்துக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டில் வளர்ந்தவர், ஐரோப்பாவிலேயே பகட்டான வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, கோப்பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பிரெஞ்சு அரண்மனையில் நெருப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். பளிங்குச் சட்டம் போட்ட திறந்த கணப்பில் கட்டை கட்டையாக எரிய வேண்டும். சூட்டில் பெரும்பங்கு புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போனாலும் பரவாயில்லை.

தொழில்நுட்பம் இல்லை என்ற வாதம் இங்கேதான் அடிபட்டுப் போகிறது. மூடிய அடுப்பு பக்கத்து நாட்டில் பல தலைமுறையாக இருந்தது. 1713-ல் நிக்கோலா கோஜே என்ற பிரெஞ்சுக்காரர், கணப்பின் முதுகுப்பக்கம் காற்றுக் குழல்களை வைத்து, சூடான காற்றை அறைக்குள்ளேயே திருப்பிவிடுவது எப்படி என்று ஒரு புத்தகமே எழுதினார். பதினான்காம் லூயி அப்போது உயிரோடுதான் இருந்தார். அரண்மனையில் யாரும் அவசரப்பட்டதாகத் தெரியவில்லை. அவருக்குக் குளிர்காலத்திலும் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அவர் ரகசியமாக மணந்துகொண்ட மதாம் த மேந்தனோனுக்கோ மூட்டு வலி. அந்த அம்மாள் தன் அறைக்குள்ளேயே காற்றுப் படாமல் மூன்று பக்கமும் மறைத்த ஒரு மாடத்தைச் செய்துகொண்டு அதற்குள் ஒடுங்கி உட்கார்ந்திருப்பார். கதவுக்கு நேர் எதிரே கதவு, ஜன்னலுக்கு நேர் எதிரே ஜன்னல் வேண்டும் என்பதற்காக எல்லா ஊதல் காற்றையும் தாங்க வேண்டியிருக்கிறது, சமச்சீர் அழகு கெடாமலே சாக வேண்டியதுதான் என்று அவர் அலுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள்.

உட்காரும் விஷயமும் அப்படித்தான். ராஜா ராணி முன்னிலையில் கைவைத்த நாற்காலியெல்லாம் அவர்களுக்குத்தான். பிரபு குடும்பத்துப் பெண்களில் டியூக்கின் மனைவிக்கு மட்டும் ஒரு முக்காலி, அதாவது முதுகு சாய்க்க முடியாத குட்டி இருக்கை. மற்றவர்கள் நிற்க வேண்டும். அந்த முக்காலிக்காகக் குடும்பங்கள் வருஷக்கணக்கில் காய் நகர்த்தின. இடுப்பு வலித்தாலும் அதில் உட்கார்ந்திருப்பதுதான் பெருமை. வலிக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அந்த இருக்கை இடுப்புக்காகச் செய்யப்படவில்லை. எதிரில் நிற்கிறவர்களின் கண்ணுக்காகச் செய்யப்பட்டது. 73 மீட்டர் நீளத்தில் 357 கண்ணாடிகள் பதித்த அந்தப் புகழ்பெற்ற மண்டபமும் அப்படியே. அங்கே ஆடம்பரம் என்றால் பார்க்கப்படுவது. வெர்சாயில் பார்க்கப்படாத ராஜா பாதி ராஜாதான்.

1738

இந்த இடத்துக்குத்தான் நான் திரும்பத் திரும்ப வருகிறேன். பதினான்காம் லூயி அரண்மனையின் நடு மையத்தில், காலைச் சூரியனைப் பார்த்தபடி இருந்த படுக்கையறையில் தூங்கினார். 1715-ல் அங்கேயே செத்தும் போனார். படுக்கைக்கு முன்னால் கோயில் கர்ப்பகிருகத்துக்குப் போட்டதுபோல் ஒரு பொன் கிராதி. காலையில் ராஜா கண் விழிப்பது ஒரு சடங்கு. யார் முதலில் உள்ளே வரலாம், யார் அப்புறம் வரலாம், யார் சட்டையை நீட்டலாம் என்று எல்லாவற்றுக்கும் வரிசை உண்டு. ராத்திரி படுக்கப் போகும்போதும் அதே கூட்டம். அந்த நேரத்தில் மெழுகுவர்த்தித் தண்டைப் பிடித்துக்கொண்டு நிற்க ராஜா யாரைக் கூப்பிடுகிறார் என்பது மறுநாள் பேச்சாக இருக்கும். வெளிச்சம் போதாமல் யாரும் அதைப் பிடிக்கவில்லை. கௌரவத்துக்குப் பிடித்தார்கள்.

ஐந்து வயதில் பட்டத்துக்கு வந்த கொள்ளுப்பேரன் பதினைந்தாம் லூயி வளர்ந்த பிறகு அதே அறையில் தூங்கினார், அதே சடங்குகளைச் செய்தார், அதே குளிரில் நடுங்கினார். 1738-ல், 28 வயதில், அவர் ஒரு முடிவெடுத்தார். பக்கத்தில், முன்பு பில்லியர்ட்ஸ் மேசை கிடந்த இடத்தில், சின்னதாக, சீக்கிரம் சூடேறுகிற மாதிரி ஒரு படுக்கையறை கட்டச் சொன்னார். அங்கே தூங்க ஆரம்பித்தார்.

ஆனால் பழைய அறையை விடவில்லை. ராத்திரி அந்தப் பெரிய அறைக்குப் போவார். ஊர் பார்க்க, முறைப்படி படுக்கைக்குப் போகும் சடங்கு நடக்கும். எல்லாரும் போன பிறகு எழுந்து சின்ன அறைக்கு வந்து நிஜமாகத் தூங்குவார். காலையில் நிஜமாக விழிப்பார். அப்புறம் அங்கியைப் போட்டுக்கொண்டு பெரிய அறைக்கு நடந்துபோய், அங்கே சடங்குக்காக இன்னொரு தடவை விழிப்பார். அரண்மனை நாட்குறிப்புகளில் அவர் குளிர்காலத்தில் சீக்கிரம் எழுந்துவிட்டால் தன் கணப்பைத் தானே மூட்டிக்கொள்வார் என்றும் இருக்கிறது. பாவம், ஆட்கள் தூங்கட்டும் என்பாராம். காபியையும் தானே போட்டுக்கொள்வதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

முதலில் வாசித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. தூங்கி எழுந்தவன் தூங்கி எழுவதுபோல் நடிக்க இன்னொரு அறைக்குப் போகிறான். யோசிக்க யோசிக்க, நவீன வீடு பிறந்த இடம் இதுதான் என்று தோன்ற ஆரம்பித்தது. அதுவரைக்கும் ஒரே படுக்கை இரண்டு வேலையையும் செய்தது. அன்றைக்கு அது இரண்டாகப் பிரிந்தது: காட்டுவதற்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று. காட்டுவதற்கான அறையை ராஜா இடிக்கவில்லை, விற்கவில்லை, அதன் பொன்னைச் சுரண்டவில்லை. அங்கே தூங்குவதை மட்டும் நிறுத்தினார். 1774-ல் அம்மை கண்டு அவர் செத்ததும் அந்தச் சின்ன அறையில்தான்.

கட்டடக்காரர்கள் இதைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டார்கள். நூற்றாண்டின் நடுவில் ழாக் பிரான்சுவா புளோந்தெல் என்ற கட்டடக்கலை ஆசிரியர் பெரிய வீட்டின் அறைகளை மூன்று வகையாகப் பிரித்துச் சொன்னார்: பகட்டுக்கு, நண்பர்களோடு இருக்க, சொந்த வசதிக்கு. மூன்றாவது வகைக்கு ஒரு கட்டடக்கலை ஆசிரியர் இடம் ஒதுக்கியதே செய்தி. கூரை தாழ்ந்தது, அறை சுருங்கியது, சாப்பிட ஒன்று, குளிக்க ஒன்று, சும்மா இருக்க ஒன்று என்று ஆனது. நாற்காலிக்கு மெத்தை வந்தது, முதுகு வளைந்தது, பக்கவாட்டில் காற்றுத் தடுப்பாகக் காதுகள் முளைத்தன. ஆளை நிமிர்த்தி வைக்கும் நாற்காலி போய், ஆளைச் சாய விடும் நாற்காலி வந்தது. இங்கிலாந்தில் வில்லியம் கூப்பர் என்ற கவிஞரிடம் ஒரு சிநேகிதி, எதைப் பற்றி எழுதுவது என்று அலுத்துக்கொள்கிறாயே, இதோ இந்த சோபாவைப் பற்றி எழுது என்று விளையாட்டாகச் சொல்ல, அவர் முக்காலியிலிருந்து சோபா வரை வந்த கதையில் ஆரம்பித்து 1785-ல் ஒரு நெடுங்கவிதையே வெளியிட்டார். சோபா கீல்வாதக்காரனுக்குத்தான் லாயக்கு, எனக்கு அது தேவைப்படாமல் இருக்கட்டும் என்றும் அதில் ஒரு வேண்டுதல் வைத்திருக்கிறார். சாய்ந்து உட்காருவதில் அந்தத் தலைமுறைக்கு இன்னும் கொஞ்சம் வெட்கம் மிச்சம் இருந்திருக்கிறது.

ஆடம்பரம் நாட்டைக் கெடுக்குமா வளர்க்குமா என்று வோல்டேர், ரூசோ, ஹியூம் எல்லாரும் இதே காலத்தில் மாறி மாறி எழுதினார்கள். வோல்டேர் 1736-ல், தேவைக்கு மிஞ்சியதுதான் மிகத் தேவையான பொருள் என்று ஒரு வரியில் போட்டு உடைத்தார். எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வம் கம்மி. அவர்கள் வாதாடி முடிப்பதற்குள் தச்சர்களும் கொத்தனார்களும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

கண்ணில் படாத ஆட்கள்

ராஜா ஆட்களை எழுப்பாமல் தானே நெருப்பு மூட்டினார் என்பதை முதலில் நல்ல மனசு என்றுதான் எடுத்துக்கொண்டேன். இப்போதும் கொஞ்சம் அப்படித்தான். ஆனால் அதில் இன்னொன்றும் இருக்கிறது: அவர் தனியாக இருக்க ஆசைப்பட்டார். பார்வையிலிருந்து தப்பிப்பதுதான் வசதி என்று ஆனபின், முதலில் விலக்க வேண்டியது பிரபுக்களை. அடுத்தது வேலைக்காரர்களை. ஷுவாசி மாளிகையில் பதினைந்தாம் லூயிக்கு ஒரு விசித்திரமான சாப்பாட்டு மேசை இருந்தது. கீழ்த்தளத்தில் உணவு பரிமாறி மேசையை அப்படியே பொறியால் மேலே ஏற்றுவார்கள். தரை திறந்து, சாப்பாடு நிறைந்த மேசை எழும்பி வரும். மேலே ராஜாவும் நண்பர்களும் மட்டும். கீழே கயிறும் கப்பியும் பிடித்து இழுக்க எத்தனை பேர் வியர்வையில் நின்றிருப்பார்கள் என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் இதற்கு மலிவான வழி கண்டுபிடித்தார்கள். சாப்பாட்டு மேசை பக்கத்தில் ஒரு சுழலும் அடுக்குத் தட்டு, அதில் எல்லாவற்றையும் வைத்துவிட்டு வேலைக்காரன் வெளியே போய்விட வேண்டும். அப்புறம் கம்பி மணி. சுவருக்குள் கம்பி ஓட்டி, இங்கே கயிற்றை இழுத்தால் சமையல்கட்டுப் பக்கம் மணி அடிக்கும். அதற்கு முன்னால் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர ஆள் கதவருகிலேயே நிற்க வேண்டும், பல வீடுகளில் எஜமானின் அறையிலோ வாசற்படியிலோ படுக்க வேண்டும். கம்பி மணி வந்தபின் அந்த ஆள் கண் மறைவாகப் போய்விட்டார். வேலை குறையவில்லை. நிலக்கரி வாளியும் வெந்நீர்க் குடமும் மாடிக்கு ஏறத்தான் வேண்டும், பின்படிக்கட்டு வழியாக. எஜமானுக்குத் தனிமை, வேலைக்காரிக்கு மணியடிக்கும் வரை காத்திருப்பு. பெரியப்பா ஏசியைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது அதன் வெளிப்பெட்டி பக்கத்து வீட்டுச் சந்துக்குள் அனலைக் கக்கிக்கொண்டிருந்தது. நானும் அந்த ஏசிக்குக் கீழேதான் தூங்குகிறேன், பெரிதாகப் பேசத் தகுதியில்லை.

சீட்டித் துணி

இந்தக் கதையில் நம் கரை வருகிற இடம் கட்டில். திரை போட்ட கட்டில் குளிருக்கு அவசியம். ஆனால் வெல்வெட்டும் பட்டும் கம்பளியும் தூசியைப் பிடித்துக்கொள்ளும், துவைக்க முடியாது. அந்த இடத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து எழுதுகோலால் வரைந்த சீட்டித் துணி போய் இறங்கியது. லேசு, பூப்பூவாக வண்ணம், அதைவிட முக்கியம், துவைத்தால் சாயம் போகாது. ஐரோப்பியச் சாயக்காரர்களுக்குப் பருத்தியில் அப்படி நிறம் நிற்க வைக்கத் தெரியாது. 1708-ல் ஆங்கில எழுத்தாளர் டேனியல் டெஃபோ புலம்பி எழுதினார்: இந்தத் துணி வீட்டுக்குள் நுழைந்து, படுக்கையறைக்குள் புகுந்து, திரை, மெத்தை, நாற்காலி, கடைசியில் கட்டிலையே பிடித்துக்கொண்டது என்று. பிரான்ஸ் 1686-லேயே தடை போட்டுவிட்டது, 1759 வரை எடுக்கவில்லை. இங்கிலாந்து 1700-ல் ஒரு சட்டம், போதாமல் 1721-ல் இன்னொரு சட்டம். நடுவே 1719-ல் லண்டன் நெசவாளர்கள் தெருவில் பருத்தி உடுத்திப் போன பெண்களின் மேலிருந்தே துணியைக் கிழித்தார்கள், அமிலம் ஊற்றினார்கள். அவர்கள் வயிற்றுப்பாடு அவர்களுக்கு. ஆனாலும் வசதி என்ற ஆசை எவ்வளவு சீக்கிரம் சாதாரணப் பெண்கள்வரை இறங்கியிருந்தது என்பதற்கு அந்தக் கலவரமே சாட்சி. பட்டு உடுத்தும் சீமாட்டிகளைப் பார்த்து யாரும் அமிலத்தோடு ஓடவில்லை.

சாயம் நிற்கும் ரகசியத்தைத் தெரிந்துகொள்ள பிரெஞ்சுக்காரர்கள் பட்ட பாடு தனிக்கதை. 1742-ல் நம் பக்கம் பணியாற்றிய கேர்து என்ற ஏசுசபைப் பாதிரியார், மதம் மாறிய சாயக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு முழுச் செய்முறையையும் ஊருக்கு எழுதி அனுப்பினார். வெளுத்த துணியைக் கடுக்காய்த் தூள் கலந்த எருமைப் பாலில் ஊற வைத்துப் பிழிந்து காய வைக்க வேண்டும். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பிடித்துக்கொள்ளும், பாலின் கொழுப்பு கோடு கசியாமல் காக்கும். அதற்கப்புறம்தான் வரைவது, மெழுகு பூசுவது, அவுரியில் முக்குவது, சாயவேரில் சிவப்பேற்றுவது. பிரபுவின் கட்டிலைச் சுற்றித் தொங்கிய பூவேலைக்கு அடியில் நம்மூர் எருமைப் பால் இருந்தது என்பது எனக்கு இன்னும் தித்திப்பான செய்தி. வரைந்த கைகளுக்கு எவ்வளவு கூலி கிடைத்தது என்பதை நினைத்தால் தித்திப்பு குறையும்.

தடையை எல்லாரும் மீறினார்கள். லண்டனின் பெரிய நடிகர் டேவிட் காரிக், தேம்ஸ் கரை ஹாம்ப்டன் மாளிகைக்குத் தச்சர் சிப்பன்டேலிடம் பச்சையும் வெள்ளையும் பூசிய ஒரு கட்டில் வாங்கியிருந்தார். அதற்கு மசூலிப்பட்டினத்துச் சீட்டித் துணி கல்கத்தா நண்பர்கள் அனுப்பிய பரிசு. 1775-ல் சுங்கக்காரர்கள் அதைப் பறிமுதல் செய்துவிட்டார்கள். ஊரே கும்பிடும் நடிகர், மனைவியின் கட்டில் திரைக்காக அரசு அதிகாரிக்குக் கெஞ்சிக் கடிதம் எழுத வேண்டி வந்தது. அந்தக் கட்டில் இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கோரை விளக்கு

அதே 1775-ல், நவம்பர் 1 தேதியிட்டு, அதே தெற்கு இங்கிலாந்தில் செல்போர்ன் என்ற கிராமத்திலிருந்து கில்பர்ட் ஒயிட் என்ற பாதிரியார் ஒரு கடிதம் எழுதினார். பறவைகளையும் பூச்சிகளையும் கவனித்து எழுதிப் புகழ்பெற்றவர். இந்தக் கடிதத்தில் கவனித்தது ஏழை வீட்டு விளக்கை. கோடையில் கோரையைப் பறித்து வந்து, தண்ணீரில் போட்டு, ஒரே ஒரு நார் மட்டும் விட்டுத் தோலை உரித்து, ராத்திரிப் பனியில் புல்மேல் பரப்பி வெளுக்க வைத்து, வெயிலில் காய வைத்து, கொதிக்கும் கொழுப்பில் முக்கி எடுக்க வேண்டும். கெட்டிக்கார மனைவி பன்றிக்கறிப் பானையின் மேலே மிதக்கும் கொழுப்பைச் சேர்த்து வைப்பாள், அவளுக்கு அது காசில்லாமல் முடியும். இரண்டடி நாலரை அங்குல நீளமுள்ள நல்ல கோரை ஒன்றைக் கடிகாரம் வைத்துப் பார்த்தார், 57 நிமிஷம் எரிந்தது. கொழுப்பை விலைக்கே வாங்கினாலும் கால் பென்னிக்குப் பதினொரு கோரை, சராசரியாக ஒன்று அரைமணி எரிந்தால் ஐந்தரை மணி நேர வெளிச்சம் என்று கணக்குப் போட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். பரம ஏழைகள்தான் எப்போதும் மோசமான சிக்கனக்காரர்கள் என்று ஒரு குட்டும் வைத்தார். அவர்கள் தினம் சாயங்காலம் அரைப் பென்னிக்கு ஒரு மெழுகுவர்த்தி வாங்குகிறார்கள், காற்றடிக்கும் அவர்கள் வீட்டில் அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் எரிவதில்லை, அதே காசுக்குப் பதினொரு மணி நேரம் கிடைத்திருக்கும் என்கிறார். கணக்கு சரிதான். எனக்கு அங்கேதான் கோபம் வருகிறது. கோரை பறிக்கக் கோடையில் ஓய்ந்த நாள் வேண்டும், வெளுக்கப் போட இடம் வேண்டும், வீட்டில் பன்றி வேண்டும், இல்லையென்றால் ராத்தல் கணக்கில் கொழுப்பு வாங்க மொத்தமாகக் காசு வேண்டும். அன்றாடக் கூலியிடம் அன்றாட அரைப் பென்னிதான் இருக்கும். தவிர, கோரை விளக்கை இடுக்கியில் சாய்த்துப் பிடிக்க வைத்து, எரிய எரிய மேலே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அரைமணிக்கு ஒருதரம் புதிது மாற்ற வேண்டும். மெழுகுவர்த்திக்கும் திரி கத்தரிக்க வேண்டும்தான், ஆனாலும் அதை வைத்துவிட்டு இரண்டு கையாலும் வேறு வேலை பார்க்கலாம், பார்க்காமலும் இருக்கலாம். நாளெல்லாம் உழைத்தவள் ராத்திரி இரண்டு மணி நேரம் விளக்கைக் கவனிக்காமல் இருக்க அரைப் பென்னி கொடுத்தாள். ஹாம்ப்டனில் காரிக் தம்பதி கேட்டதும், வெர்சாயில் ராஜா கேட்டதும் வேறொன்றும் இல்லை. அவர்களை யாரும் மோசமான சிக்கனக்காரர்கள் என்று குட்டவில்லை.

அந்த மெழுகுவர்த்தியில் அரசுக்கும் ஒரு பங்கு இருந்தது. 1709-ல் வந்த சட்டப்படி இங்கிலாந்தில் மெழுகுவர்த்திக்கு வரி, உரிமம் இல்லாமல் வீட்டில் செய்துகொள்ளவும் அனுமதி இல்லை. கோரைக்கு மட்டும் விலக்கு, அதுவும் சொந்த உபயோகத்துக்கு, கொழுப்பில் ஒரே ஒரு தடவை முக்கியிருந்தால். ஒரு முக்கு அவசியம், இரண்டாவது முக்கு ஆடம்பரம் என்று நாடாளுமன்றம் கோடு போட்டு வைத்திருந்தது. அந்தக் கோட்டை அழிக்க 1831 ஆயிற்று.